ஜன்னலுக்கு எதிரே பெரணி

ஆறாவது வாளித் தண்ணீரை இறக்கி வைத்துவிட்டுக் கனகு கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தன.

மைசூர் அக்ரஹாரத்தில் இருந்த அந்த வீட்டுக் கொல்லையில் வெயிலே விழாது. மூன்று பக்கமும் உயரமான சுவர். மல்லிகை வைத்தால் மல்லிகை போகும், துளசி வைத்தால் துளசி போகும். மலேரியா காய்ச்சலில் ஒரு மாதமாகப் படுத்திருந்த அம்மாவுக்கு ஜன்னல் வழியே தெரிந்தது மொட்டைச் சுவர் மட்டும்தான்.

"கொயினா மருந்துக் கசப்பைக்கூடப் பொறுத்துக்கலாம். இந்தச் சுவத்தைப் பாத்துண்டே கிடக்க முடியலேடி" என்பாள் அம்மா.

அதனால்தான் கிணற்றடி ஈரத்தில் தானாக வளர்ந்திருந்த பெரணிச் செடிகளில் ஐந்தைப் பெயர்த்து, ஜன்னலுக்கு எதிரே நட்டாள் கனகு.

மறுநாளே கீரை விற்க வந்த கொள்ளேகாலத்துப் பாப்பாயி ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் பழுப்புப் புள்ளிகள்.

"அட கண்ணு, பூராவும் பூச்சி முட்டை! எங்கூர்ல அவரைக்குச் சாம்பலத்தான் தூவுவோம். நீயும் தூவு, ஓடியே போயிரும்."

கனகு தினமும் அடுப்புச் சாம்பல் தூவினாள். பூச்சி ஓடவில்லை. செடிதான் ஓடப் பார்த்தது.

"ஞாயித்துக்கிழமை விறகு வண்டி வரது. அதுக்குள்ளே பிழைக்கலேன்னா அந்த இடத்திலேதான் விறகை அடுக்கணும். வேற இடம் ஏது?" என்று சொல்லிவிட்டு அப்பா ரயில்வே ஆபீசுக்குப் போய்விட்டார்.

ஆறு வாளி சுமந்த களைப்பில் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் கனகு ஓர் இலையைத் திருப்பினாள். புள்ளிகள் நரம்பின் இருபுறமும் வரிசையாக இருந்தன.

'பூச்சி இப்படியா முட்டையிடும்? பள்ளிக்கூடத்தில் நாங்களே இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லையே!'

கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே தழைத்து நின்ற பெரணிகளிலும் அதே புள்ளிகள். அங்கே யாரும் சாம்பல் தூவவில்லை. அப்படியானால் புள்ளி பூச்சி முட்டையில்லை, செடியின் வித்துதான்; செடியை வாட்டியது சாம்பல்!

படுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனாலும் மறுபடி தண்ணீர் இறைத்து, இலை இலையாகக் கழுவினாள். சாம்பல் படிந்த மண்ணை வழித்தெடுத்துவிட்டு, மக்கிய சருகைப் போட்டாள்.

"நான் அவரையக் கண்டேன், இதயெல்லாம் எங்க கண்டேன் கண்ணு!" என்று மறுநாள் கனகு சொன்னதைக் கேட்டுப் பாப்பாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விறகு வண்டி வந்தது. மூன்று செடிகள் காய்ந்திருந்தன. ஒன்று நிமிரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கடைசிச் செடியின் நடுவில், நத்தைபோல் சுருண்ட ஒரு பச்சைக் குருத்து.

"இதைப் பிழைச்சதுன்னு சொல்றதா?" என்றார் அப்பா, அலுப்போடு.

"பிழைச்சுடுத்து" என்றது ஜன்னல் பக்கத்துக் குரல். அம்மா எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நேத்திக்கு இதைவிடச் சின்னதா இருந்தது. நான் பாத்துண்டேதானே இருக்கேன்!"

அப்பா குருத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

அன்று சாயங்காலம், முன்னறையில் தம் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் அடுக்கிய விறகின்மேல் உட்கார்ந்து அப்பா பேப்பர் படித்தார்.