ஐந்து-பி வீட்டுச் சுழலி

போன மாதம் வரை, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் குடியிருப்பின் முப்பத்திரண்டு வீடுகளிலும் எலுமிச்சை வாசனை வரும். யாரும் சாதம் கிளறுவதில்லை. சுழலிக் கழுவல் நடக்கும். மீன் தொட்டியிலிருந்து, தண்ணீரைச் சுழற்றிக் காற்றூட்டும் சுழலியை எடுத்து, முன்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் காந்த உருளையை இழுத்து, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப் போடுவார்கள். எங்கள் பகுதித் தண்ணீரில் உப்பு அதிகம். ஒரே வாரத்தில் உருளை வெள்ளை பூத்துவிடும். ஊறியபின் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அதற்கப்புறம் நான் வந்து பார்க்க வேண்டும். சத்தம் சரியாக இருந்தால் வாசலோடு திரும்பிவிடுவேன்.

என் பெயர் தன்ஷிகா. பெயரைக் கேட்டுச் சின்னப் பெண் என்று நினைக்க வேண்டாம், ஐம்பத்தேழு வயது. பள்ளியில் என் வகுப்பிலேயே நான்கு தன்ஷிகாக்கள் இருந்தோம். இப்போது நான்கு பேருக்கும் முட்டிவலி. நான் இந்தக் குடியிருப்பின் சுழலிப் பொறுப்பாளர். பெரிய பதவியெல்லாம் இல்லை. ஒரு பதிவேடு, ஒரு பிரஷ், கொஞ்சம் வாய்.

ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு சாட்சித் தொட்டி உண்டு. உள்ளே மூன்று வரிமீன்கள். மணல் கிடையாது, கல் கிடையாது, செடி கிடையாது. மேலே பொருத்தி மீனைக் கண்காணிக்கும் காட்சிக்கண்ணுக்கு மீன் மறையக் கூடாது. குழாய்க்கு வரும் தண்ணீர் முதலில் இந்தத் தொட்டியைக் கடக்கும். மீன் ஒழுங்காக நீந்தினால் வால்வு திறந்திருக்கும். குழாயில் விஷம் வந்த வருடம் கருவிகள் எல்லாம் கடைசிவரை ‘நன்று’ என்றே காட்டின. அதிலிருந்து ஊர் கருவியை விட்டுவிட்டு மீனை நம்புகிறது. மீனுக்கு லஞ்சம் கொடுக்க முடியாது அல்லவா?

மீனை நம்பிய நீர்ச் சாட்சித் துறை, சுழலியை மட்டும் இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து வாங்கியது. அது நின்றால் தொட்டியில் காற்று குறையும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். காட்சிக்கண்ணுக்கு விஷமா, மூச்சுத் திணறலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மொத்தக் குடியிருப்புக்கும் வால்வை மூடிவிடும். சோதனை முடிந்து திறக்க மூன்று நாள் ஆகும். அதனால் இங்கே யார் வீட்டுச் சுழலியும் அவர்கள் சுழலி மட்டும் அல்ல. கொஞ்சம் சத்தம் மாறினாலும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார்.

அந்த மலிவுச் சுழலியை நான் திட்டாத நாள் இல்லை. ஆனாலும் அதனிடம் எனக்குப் பிரியம் உண்டு. உப்பு படிந்தால் ‘உம்ம்’ என்று முனகும். அச்சு தேய்ந்தால் ‘கர்ர்’ என்னும். உள்ளே ஏதாவது சிக்கினால் ‘டக் டக்’. கெட்டுப்போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஊரைக் கூட்டிவிடும். கழுவிப் போட்டால் எட்டு, ஒன்பது வருடம் ஓடும். தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லும் எதுவும் நீண்ட நாள் பிழைக்கும் என்பது என் அனுபவம்.

ஐந்து-பி வீட்டுச் சுழலி எட்டு வருடமாக ‘டக் டக்’ என்றுதான் சொல்கிறது. அது கவினேஷின் வீடு. கவினேஷ் என்னுடைய முன்னாள் கணவன்.

பிரிந்தபின் ஒரே கட்டடத்தில் எதற்கு இருக்கிறீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வேறு கட்டடத்துக்குப் போக, வால்வு மாற்றிக்கொள்ள மனுப் போட்டால் பதினோரு வருடம் காத்திருக்க வேண்டும். நான் இரண்டு-ஏயில் தங்கினேன், அவனுக்கு ஐந்து-பி கிடைத்தது. பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அவன் எதையும் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். வேலையை விட்டதைக்கூட நான் மூன்றாம் மனிதரிடம்தான் தெரிந்துகொண்டேன். இருபத்திரண்டு வருடம் சுவரோடு பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.

சனிக்கிழமைகளில் கடைசியாக அவன் வீட்டுக்குப் போவேன். அவனே சுழலியை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியடியில் திறந்து, உருளையை மட்டும் ஒரு தட்டில் வைத்து நீட்டுவான். நான் தேய்த்துக் கொடுப்பேன். திரும்ப மாட்டினால் சத்தம் நின்றிருக்கும். சுக்கு டீ தருவான். “சர்க்கரை போதுமா?” என்பான். நான் பதிவேட்டில் ‘அச்சுத் தேய்மானம், சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிவிட்டு இறங்குவேன். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுக்க நடமாடினேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் துறையிலிருந்து மௌனச் சுழலிகள் வந்தன. முழுக்க மூடியவை, பன்னிரண்டு வருடம் திறக்க வேண்டாம், சத்தமே வராது. எல்லா வீட்டிலும் மாட்டிவிட்டால் கழுவலும் கிடையாது, பொறுப்பாளரும் கிடையாது. பழைய சுழலி பழுதில்லாமல் இருந்து, வீட்டுக்காரர் விரும்பினால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் வாராந்தரச் சோதனை தொடரும். முப்பத்தொரு வீட்டிலும் புதியதை மாட்டிவிட்டார்கள், என் வீடு உட்பட. மீதம் இருந்தது ஐந்து-பி. அவன் பழையதே போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தான். அதை நான் இரண்டு முறை படித்தேன்.

அந்தச் சனிக்கிழமை உதவிப் பொறியாளர் ரித்திக்பாண்டி புதுச் சுழலிப் பெட்டியோடு என்னுடன் படியேறினார். நல்ல மனிதர், நடையில் மட்டும் அவசரம். ஐந்தாம் மாடி திரும்பும்போதே சத்தம் கேட்டது. டக் டக்.

“என்ன மேடம், இது பழுது ஆச்சே. மாத்திடலாம்” என்றார்.

கவினேஷ் கதவைத் திறந்தான். அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அவர் மதியம்தான் வருவார் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்களாம். வழக்கம்போல் தொட்டிப் பக்கம் போனவனை ரித்திக்பாண்டி நிறுத்தினார்.

“நீங்க இருங்க சார். மேடம்தான் திறக்கணும், என் முன்னாடி. விதி அப்படி.”

நான் கையை விட்டுச் சுழலியை எடுத்தேன். முன்மூடியைத் திருகினேன். உருளை பளபளவென்று இருந்தது. அச்சில் ஒரு கீறல் இல்லை. முப்பத்திரண்டு வீட்டிலும் இவ்வளவு அக்கறையாகக் கழுவிய சுழலியை நான் பார்த்ததில்லை. மூடியைக் கவிழ்த்தேன். உளுந்து அளவு கல் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

“தொட்டியில கல்லே கிடையாதே. இது எப்படி உள்ள போச்சு?” என்று கேட்டார் ரித்திக்பாண்டி. “காரணம் எழுதாம நான் கையெழுத்துப் போட முடியாது. இல்லன்னா பழுதுன்னு போட்டு மாத்திட்டுப் போறேன்.”

கவினேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவனை நன்றாகத் தெரியும். வீடே எரிந்தாலும் அப்படித்தான் நிற்பான். சரி, இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

“நான்தான் போட்டேன்” என்றான்.

“எதுக்கு சார்?”

“சத்தம் வந்தாத்தான் தன்ஷி உள்ள வந்து பாப்பா. சனிக்கிழமை காலைல போடுவேன். அவ வந்ததும் எடுத்துருவேன்.”

ரித்திக்பாண்டி பேனாவை மூடினார், திறந்தார். பிறகு என் பதிவேட்டைப் புரட்டினார்.

“எட்டு வருஷமா அச்சுத் தேய்மானம்னு எழுதிருக்கீங்க மேடம். ஸ்டோர்ல இந்த வீட்டுக்கு ஒரு அச்சுகூட வாங்கல. கல்லுச் சத்தத்துக்கும் அச்சுச் சத்தத்துக்கும் உங்களுக்கா வித்தியாசம் தெரியாது?”

“தெரியும்” என்றேன். “முதல் வாரமே தெரியும்.”

கவினேஷ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?”

“நீயா சொல்றியான்னு பாத்தேன்.”

ரித்திக்பாண்டி படிவத்தில் ‘பழுதில்லை, வாராந்தரச் சோதனை தொடரும்’ என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினார் என்று காட்டவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டீ வேண்டாம் என்று சொல்லி இறங்கிவிட்டார்.

நாங்கள் டீ குடித்தோம். அன்று பெரிதாக எதுவும் பேசவில்லை. ஒரே நாளில் எவ்வளவுதான் எதிர்பார்ப்பது?

புதன்கிழமை மதியம் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் கவினேஷ், கையில் டூத்பிரஷ்ஷோடு. மூன்று மாடி இறங்கி அவன் வந்தது இந்த எட்டு வருடத்தில் அதுதான் முதல் முறை.

“சுழலி பாக்க வந்தேன்” என்றான்.

“இங்க இருக்கறது மௌனச் சுழலி. பன்னெண்டு வருஷத்துக்குத் திறக்கவே கூடாது. சத்தமும் வராது.”

“தெரியும்.” பிரஷ்ஷைச் சட்டைப் பையில் செருகினான். “அதான், சத்தம் வரட்டும்னு காத்திருக்காம வந்துட்டேன்.”

நான் கதவிலிருந்து விலகி வழிவிட்டேன். பால் வாங்கி வைக்கவில்லையே என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.