சேறு படாத பாதி

பினாங்கு ஸ்திரீட் மாடியறைக்கு ஹபீபா பீவி வந்தபோது சீனி முகம்மது சாப்பிட்டுக் கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. முப்பது வருடம் மோதிய கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ்காரர்களுக்கு ரிப்போர்ட் எழுதியவர். மனிதர் பேச்சை நம்பமாட்டார். நசுங்கிய இரும்பை நம்புவார்.

“அண்ணே, என் வீட்டுக்காரர் ஷஃபீக்க போலீஸ் லோக்காப்ல வச்சிருக்காங்க. கோகுலன கொன்னுட்டாருன்னு.”

விஷயம் இதுதான். ஷஃபீக்கும் கோகுலனும் பிறை என்ற ஊரில் ஒரு கொட்டகையில் மூன்று வருடம் உட்கார்ந்து, கார் எஞ்சினை வைத்துச் சின்ன விமானம் ஒன்று கட்டினார்கள். இரண்டு வாரத்துக்கு முன் பெனாகா பக்கம் முதல் தடவை பறந்தது. நாலே நிமிடம். எஞ்சின் கொதித்து இறுகி, வயல் சேற்றில் விழுந்தது. ஓட்டிய கோகுலன் செத்துப்போனான்.

“ரேடியேட்டர மூக்குலேர்ந்து வயித்துக்கு மாத்துனதுதான் காரணம்னு கோகுலனோட அண்ணன் சந்திரசேகரன் எழுதிக் குடுத்துட்டார்.”

“மாத்துனது உன் புருஷனா?”

“ஆமாண்ணே. ஒரு வாரம் முந்தி.”

“தப்புன்னா தப்புன்னுதான் எழுதுவேன். அழுதாலும் மாத்தமாட்டேன்.”

“எழுதுங்க. பாத்துட்டு எழுதுங்க” என்றாள் அவள்.

உதவியாளர் காமினி அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டாள்.

உடைந்த விமானம் கொட்டகைக்கே திரும்பி வந்திருந்தது. காமினி தரையில் படுத்து வயிற்றுப் பக்கம் பார்த்தாள். “இடம் நல்ல இடம்தான் அங்கிள். முன்னால வாய், காத்து உள்ள போய் ரேடியேட்டர ஆத்திட்டு பின்னால போயிடும். மூக்குல இருந்தப்ப சூடான காத்துக்குப் போக வழியில்ல. ஷஃபீக் நோட்டுக் கொப்பியில, தரையிலயே நாலு தடவ ஓட்டிப் பாத்ததா எழுதியிருக்கார்.”

“அவன் எழுதுனத நான் ஏன் நம்பணும்?”

கொட்டகையைத் திறந்துவிட்டு நின்ற கோகுலனின் மனைவி நவமணி தன் கைப்பேசியை நீட்டினாள். மாற்றியபின் தரையில் அரைமணி நேரம் ஓட்டிய வீடியோ. சூட்டு முள் பாதியைத் தாண்டவில்லை. அடுத்து, பறந்த அன்று காலைப் படங்கள். பூஜை போட்டு, விமான மூக்கில் பெரிய மஞ்சள் செண்டுப்பூ மாலை. கடைசிப் படத்தில் விமானம் கிளம்புகிறது. மாலை இல்லை.

சீனி முகம்மது குனிந்து ரேடியேட்டரைப் பார்த்தார். கீழ்ப்பாதித் தகடுகளில் சேறு கெட்டியாக அப்பியிருந்தது. மேல்பாதியில் துளி இல்லை. தகடுகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் நூல் கருகி ஒட்டியிருந்தது.

அப்போது சந்திரசேகரன் உள்ளே வந்தார். சுவரில் மாட்டியிருந்த சாமி படத்திலிருந்து ஒரு பூ தரையில் விழுந்தது. வாய் திறக்குமுன் அவர் அதை எடுத்துச் சட்டையில் துடைத்து, திரும்பப் படத்தடியில் வைத்தார். பிறகுதான், “இன்னும் என்னத்த பாக்குறீங்க? அந்த ஆள நம்பித்தான் என் தம்பி போனான்” என்றார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு எல்லாரும் வாங்க” என்றார் சீனி முகம்மது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஸுல்கிஃப்லியும் வந்தார். காமினி அவர் காதோரம் எல்லாவற்றையும் மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“விழும்போது சேறு வாய்க்குள்ள அடிச்சிருக்கு” என்றார் சீனி முகம்மது. “ மேல்பாதியில மட்டும் படல. ஏன்? அங்க ஏதோ மூடியிருந்துச்சு. இப்ப அது இல்ல. விழுந்தப்புறம் யாரோ எடுத்திருக்காங்க. வயல்ல மொதல்ல ஓடுனது யாரு?”

“அத்தான்தான்” என்று சந்திரசேகரனைக் காட்டினாள் நவமணி.

“தம்பிய தூக்க ஓடுனேன்!”

“மூக்குல இருந்த மாலைய யாரு கழட்டுனா?”

சந்திரசேகரன் சாமி படத்தின் பக்கம் திரும்பினார்.

ஹபீபா பீவி சொன்னாள்: “எஞ்சின ஸ்டார்ட் பண்றதுக்கு முன்ன கழட்டச் சொல்லி இவர்கிட்டதான் என் வீட்டுக்காரர் சொன்னாராம்.”

சீனி முகம்மது சந்திரசேகரனிடம் திரும்பினார். “கழட்டுனீங்க. சாமி மாலை, தரையில போட மனசு வரல. நேத்து ஒத்தப் பூவையே விடல நீங்க. வயித்துல ஓட்டை இருந்துச்சு. ரேடியேட்டர் அங்க வந்தது அப்ப உங்களுக்குத் தெரியாது. அதுல சொருகிட்டீங்க. காத்து அத அப்படியே தகட்டுல ஒட்ட வச்சு, ரேடியேட்டர் ஆறாம எஞ்சின் கொதிச்சிருச்சு. அதோட நூல்தான் தகட்டுல கருகிக் கெடக்கு.”

“சும்மா கதை விடாதீங்க லா! மாலைய கடல்ல போட்டேன்.”

“சேறும் கருகலுமா இருக்குற மாலையத் தூக்கிட்டுக் கடல் வரைக்கும் போகமாட்டீங்க. நாலு பேரு பாப்பாங்க. குப்பையில போடவும் கை வராது. வெளிய நிக்கிற உங்க கெரேத்தாவத் திறங்க.”

ஸுல்கிஃப்லி கையை நீட்டினார். சாவி வந்தது.

காரின் பின்பெட்டியில், ஸ்பேர் டயருக்குக் கீழே, மாலை செய்தித்தாளில் சுற்றியிருந்தது. வெந்த பூவும் காய்ந்த சேறும்.

“சும்மா ஓட்டைன்னு நெனச்சேன்” என்றார் சந்திரசேகரன். “வயல்ல மாலைய வெளிய இழுத்தப்ப சூடா நீராவி வந்துச்சு. அப்பத்தான் புரிஞ்சிச்சு.”

“புரிஞ்சப்புறம்தான் ஷஃபீக் பேர எழுதிக் குடுத்தீங்க” என்றார் சீனி முகம்மது. “மொதல்ல செஞ்சது தெரியாத்தனம். ரெண்டாவது அப்படி இல்ல.”

ஷஃபீக்கை எப்போது விடுவார்கள் என்று ஹபீபா பீவி இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள். காமினி மொழிபெயர்த்தாள். இன்று சாயங்காலமே விட்டுவிடுவார்கள்.

நவமணி வந்து பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். மாலையைச் சந்திரசேகரனின் காலடியில், சிமெண்டுத் தரையில் போட்டாள்.

அவர் குனியப் போனார். பாதியில் நின்றுவிட்டார்.