காலி இருக்கையில் ஒரு கோட்டு

ஆல்டர்விக் ஊர்க்காரர்கள் மழையைப் பற்றிப் பேசாத நாளே கிடையாது. ஆனால் அந்த ஏப்ரல் மாதம் மழையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ரொட்டிக் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் பள்ளி வாசலிலும் ஒரே பேச்சுதான். ஆம்ப்ளர், ஆம்ப்ளர், ஆம்ப்ளர்!

ரோலண்ட் ஆம்ப்ளர், ஆல்டர்விக் டவுன் கால்பந்து அணியின் புதிய மேலாளர். அந்த வருடம் அணி தோற்றுத் தோற்றுப் பட்டியலின் அடிக்கு வந்திருந்தது. கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகளைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் பழைய மேலாளரை அனுப்பிவிட்டு அவசர அவசரமாகப் புதியவரைக் கூட்டிவந்தார்கள். கூட்டிவந்ததில் தப்பில்லை. எங்கிருந்து கூட்டிவந்தார்கள் என்பதில்தான் தகராறு.

ஆம்ப்ளர் ஹால்பிக்காரர். ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது ஹால்பி. ஆல்டர்விக்கில் பிறக்கும் குழந்தை முதலில் "அம்மா" என்று சொல்லும். அடுத்து "ஹால்பி ஒழிக" என்று சொல்லும்.

ஹெட்டியின் வீட்டுச் சமையலறையில் அன்று இரவுச் சாப்பாடு ஆறிப்போனது.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டாங்க!" என்று மேசையைத் தட்டினார் அப்பா கிளைவ்.

"ஓணானோ உடும்போ, நம்மளைக் காப்பாத்தினா சரி" என்றார் பெரியப்பா நார்மன். அவர் அடுத்த தெருவில் இருந்தார். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் எப்படியோ இங்கே இருப்பார்.

"நீ அந்த ஆட்டத்தை மறந்துட்டியா அண்ணே?"

"முப்பது வருஷம் ஆச்சுடா! அன்னைக்கு அவனுக்குப் பத்தொன்பது வயசு. சின்னப் பையன்."

அந்த ஆட்டம் ஹெட்டிக்கு மனப்பாடம். அவளும் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறாள்! கடைசி நிமிடத்தில் ஹால்பிக்காக ஒரு கோல் அடித்து, ஆல்டர்விக்கைக் கீழ்ப்பிரிவுக்கு அனுப்பியவர் ஆம்ப்ளர். அடித்ததோடு நிற்கவில்லை. நேரே ஆல்டர்விக் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் ஓடிவந்து, உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்று சிரித்தார். முன்வரிசையில் அப்பா. அப்போது அவருக்கு ஹெட்டியின் வயது.

"நான் அழுதுக்கிட்டிருந்தேன். அந்தாளு என்னைப் பார்த்துத்தான் சிரிச்சான்."

"அங்க நானூறு பசங்க இருந்தாங்க கிளைவ்."

"என்னைத்தான் பார்த்தான்! அந்தாளு இருக்குற வரைக்கும் நான் மைதானத்துல கால் வைக்கமாட்டேன். இது சத்தியம்."

"அப்பாடா, நல்லதாப் போச்சு. சனிக்கிழமை தோட்டத்து வேலியைச் சரிபண்ணிடுங்க" என்றாள் அம்மா.

ஹெட்டிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

முதல் சனிக்கிழமை அவள் பெரியப்பாவோடு போனாள். இருவருக்கும் நடுவில் அப்பாவின் இருக்கை காலியாகக் கிடந்தது. பின்வரிசையில் உட்காரும் டெஸ்மண்ட் மாமா, "சும்மாதானே கெடக்கு" என்று தன் பெரிய பழுப்புக் கோட்டை அதில் போட்டார்.

ஆல்டர்விக் வென்றது! இரண்டு மாதத்தில் முதல் வெற்றி. எப்போதும் கோல் விழுந்தால் அப்பா ஹெட்டியைத் தூக்கித் தலைக்கு மேலே ஆட்டுவார். அன்று அவள் பக்கத்தில் கோட்டுதான் இருந்தது. கோட்டுக்கும் இரண்டு கை இருந்தது. ஆனால் தூக்கத் தெரியவில்லை.

அடுத்த உள்ளூர் ஆட்டத்திலும் அப்பா வரவில்லை. அதிலும் ஆல்டர்விக் வென்றது. அங்கேதான் வினையே தொடங்கியது.

கால்பந்து ரசிகர்களின் மூளை தனி ரகம். பெரியப்பா தன் கழுத்துத் துண்டைப் பதினாறு வருடமாகத் துவைக்கவில்லை. துவைத்தால் ராசி போய்விடுமாம். டெஸ்மண்ட் மாமா நாலாம் எண் வாசல் வழியாக மட்டுமே உள்ளே வருவார். ஒருமுறை அது பூட்டியிருந்தபோது ஆட்டத்தையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். இப்போது அந்த இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

"கிளைவ் வராததாலதான் ஜெயிக்கிறோம்!"

மீதமிருந்தது கடைசி ஆட்டம், சொந்த மைதானத்தில். தோற்காமல் இருந்தால் பிழைத்தார்கள். தோற்றால் கீழே.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா, கழுவிய தட்டையே மறுபடி துடைத்தபடி மெல்லச் சொன்னார். "நாளைக்கு நான் வேணா வரலாம்னு பார்க்கிறேன். அந்தாளுக்காக இல்ல. டவுனுக்காக."

பெரியப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அய்யோ, வந்துடாதடா! உன் கால்ல விழறேன்!"

"என்ன அண்ணே இப்படிச் சொல்ற?"

"சத்தியம் பண்ணினேல்ல? கெட்டியாப் பிடிச்சுக்கோ. இன்னும் ஒரே ஒரு நாள்தான்."

"காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்ததாம்! உங்களுக்கெல்லாம் வயசாச்சே தவிர..." என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பா துடைத்த தட்டை அலமாரியில் அடுக்கினார். முப்பது வருடத்துக்கு மேலாகப் போய்வந்த இடத்துக்கு "வராதே" என்று சொந்த அண்ணனே சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? ஹெட்டிக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதால் பெரியப்பா மசியமாட்டார். ராசிக்காரரை ராசியால்தான் மடக்க வேண்டும்.

அவள் யோசித்தாள். பிறகு மிகவும் அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பெரியப்பா, அந்த ரெண்டு ஆட்டத்துலயும் நான் சாசேஜ் ரோல் சாப்பிட்டேனா?"

"இல்லையே. உங்கப்பன்தானே உனக்கு வாங்கித் தருவான்."

"அப்ப ஜெயிச்சது அப்பா வராததாலயா, நான் ரோல் சாப்பிடாததாலயா?"

பெரியப்பா கூரையைப் பார்த்தார்.

"தோத்த எல்லா ஆட்டத்துலயும் நான் ரோல் சாப்பிட்டேன்" என்றாள் ஹெட்டி. "ஒருதடவை ரெண்டு சாப்பிட்டேன். அன்னைக்கு அஞ்சு கோல் வாங்கினோம்."

"ஆமாடி!" பெரியப்பா ஐந்து விரலையும் விரித்தார். "அஞ்சு!"

"நாளைக்கு நான் பட்டினியா உட்கார்றேன். அப்பா வரட்டும்."

பெரியப்பா நெடுநேரம் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். ஹெட்டி போட்டதும் அவருடைய ராசிக் கணக்குத்தான்; அதைத் தவறு என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "சரி, வா. ஆனா தும்மாத, இருமாத, ஒன்னும் பண்ணாத" என்றார் தம்பியிடம்.

மறுநாள் மழை. டெஸ்மண்ட் மாமா கோட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அப்பாவை முறைத்தார். அப்பா இருக்கையின் நுனியில், தேர்வு எழுத வந்த மாணவனாட்டம் உட்கார்ந்தார்.

இருபதாவது நிமிடத்தில் எதிரணி கோல் அடித்தது. முன்வரிசை, பின்வரிசை, பக்கத்து வரிசை, எல்லாத் தலைகளும் அப்பாவின் பக்கம் திரும்பின.

இடைவேளை வந்ததும் அப்பா எழுந்தார். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"நான் போறேன் அண்ணே. என்னால டவுன் கீழ போச்சுன்னு ஆகவேண்டாம்."

"கோட்டை மறுபடி போட்டுடலாம்" என்றார் டெஸ்மண்ட் மாமா.

ஹெட்டி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தமுறை எந்தத் தந்திரமும் தோன்றவில்லை. மனதில் இருந்தது அப்படியே வந்தது.

"போகாதீங்கப்பா. நீங்க போனா ஒருவேளை ஜெயிக்கலாம். ஆனா நான் யார்கூடக் குதிக்கிறது? தோத்துட்டா யார்கூட அழறது? போன ரெண்டு வெற்றியும் எனக்கு நல்லாவே இல்லப்பா."

பெரியப்பா தன் அழுக்குத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ராசித் துண்டில் மூக்கைத் துடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

"உட்காருடா கிளைவ்" என்றார்.

அப்பா உட்கார்ந்தார். இந்தமுறை முழு இருக்கையிலும்.

எழுபதாவது நிமிடத்தில் ஆல்டர்விக் கோல் அடித்தது! அப்பா ஹெட்டியைத் தூக்கித் தலைக்கு மேலே ஆட்டினார். டெஸ்மண்ட் மாமா அப்பாவின் தலையில் முத்தம் கொடுத்தார். இப்படியே முடிந்தால் போதும். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

முடியவில்லை. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் எதிரணியின் பந்து ஒன்று கம்பத்தில் பட்டு உள்ளே உருண்டது. இரண்டுக்கு ஒன்று. ஆல்டர்விக் கீழ்ப்பிரிவுக்குப் போனது.

ஹெட்டி அப்பாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். அப்பாவும் அழுதார்.

"உன்னாலதான்யா!" என்றார் டெஸ்மண்ட் மாமா.

பெரியப்பா திரும்பினார். "மைதானத்துல பதினோரு பேர் விளையாடினாங்க. அதுல என் தம்பி இல்ல. வாயை மூடு."

அரங்கம் முழுக்க இப்போது ஆம்ப்ளரைப் பார்த்துக் கத்தியது. "ஹால்பிக்கே ஓடு!" வீரர்கள் தலைகுனிந்து உள்ளே போனார்கள். ஆம்ப்ளர் போகவில்லை. மழையில் தனியாக நடந்து, ஆல்டர்விக் ரசிகர்கள் பக்கம் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். வசவெல்லாம் முடியட்டும் என்பதுபோல அசையாமல் நின்றார். நரைத்த தலை, சிவந்த கண்கள்.

"கத்துய்யா கிளைவ்! முப்பது வருஷமாக் காத்திருந்தியே, இதான் நேரம்!" என்றார் டெஸ்மண்ட் மாமா.

அப்பா ஆம்ப்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்பா கத்தல?" என்று கேட்டாள் ஹெட்டி.

"அழறவனைப் பார்த்து எப்படிம்மா கத்துறது?" என்றார் அப்பா.

மூவரும் ஆற்றங்கரை வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"அடுத்த வருஷத்து டிக்கெட் எடுக்கணும். எனக்கும் ஹெட்டிக்கும் எடுத்துடறேன். உனக்கு?"

"அவர் இருக்காரா?"

"கீழ போனாலும் விட்டுட்டுப் போகமாட்டேன்னு சொல்லியிருக்காராம்."

அப்பா நின்று ஆற்றைப் பார்த்தார்.

"சேர்ந்தாப்புல மூணு எடு அண்ணே" என்றார் அப்பா.

ஹெட்டி மூக்கை உறிஞ்சினாள். "கீழ்ப்பிரிவுல எந்தெந்த ஊருக்கெல்லாம் ஆட்டம் பார்க்கப் போகணும்பா?"

அப்பா ஒவ்வோர் ஊராகச் சொல்லத் தொடங்கினார். அந்த ஊர் மைதானத்தில் எங்கே நனையாமல் உட்காரலாம் என்று பெரியப்பா இடையிடையே சேர்த்துக்கொண்டார். வீட்டு வாசல் வந்த பிறகும் அவர்கள் பாதி ஊரைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.