தொண்ணூற்றொன்பது மதிப்பெண் தோல்

மாசிலாநகரில் காலை வணக்கத்துக்கு முன்னால் மதிப்பெண்தான் சொல்லிக்கொள்வார்கள். வீடு, பேருந்து, காய்கறிக்கடை எதுவானாலும் உள்ளங்கையைத் தகட்டில் வைக்க வேண்டும். உடம்பின் காவல் அணுக்கள் எவ்வளவு விழிப்பாயிருக்கின்றன என்று 'விழிப்பளவி' நூற்றுக்குச் சொல்லும். ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் நகரவாசலுக்கு வெளியேதான் வாசம்.

தெய்வசிகாமணிக்குத் தொண்ணூற்றொன்பது. முப்பது வருடம் வாசல் அதிகாரி. ஓய்வுபெற்ற பிறகும் யாராவது தும்மினால் மூன்று தெருவுக்குக் கேட்கச் சங்கு ஊதுவார். சுவரில் மதிப்பெண் பட்டயம் தொங்கியது. கல்யாணப் படம் அதற்குப் பின்னால்.

முதலில் வாயில் புண். மோர்கூட நெருப்பாய் இறங்கியது. அப்புறம் முதுகில் தொளதொளவென்று கொப்புளங்கள். சட்டை உரசினாலே உடைந்து, தோல் வெங்காயச் சருகாய் உரிந்தது. விரிப்பை விலக்கினால் பாதி முதுகு கூடவே வந்தது.

"தொத்துமா, டாக்டர்?"

"தொத்தவே தொத்தாது சார்," என்றார் டாக்டர் நஸ்ரீன். "தோல் அணுக்களை ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு வைக்க ஒரு பசை இருக்கு. உங்க காவலர்கள் அதையே எதிரின்னு நினைச்சு அறுக்கிறாங்க."

"நம்ம ஆளு நம்மையேவா? ஏன்?"

"சிலருக்குப் பிறவியிலேயே அந்த வாகு இருக்கும். எது தூண்டிவிட்டதுன்னு சொல்ல முடியாது. குடும்பத்துல வேற யாருக்காவது வந்திருக்கா?"

தெய்வசிகாமணி விட்டத்தைப் பார்த்தார். தங்கை மரகதத்துக்கு வந்திருந்தது, பன்னிரண்டு வருடம் முன்னால். மருந்து காவலர்களைத் தூங்கவைக்க, அவள் மதிப்பெண் பதினொன்றுக்குச் சரிந்தது. நகரத்துக்குள்ளேயே இருக்க மருத்துவ விலக்கு கேட்டு அண்ணனிடமே விண்ணப்பித்தாள். எந்த மருத்துவரையும் கேட்காமல் அவர் அதில் 'தொற்றக்கூடியது' என்றெழுதி முத்திரை குத்தினார்.

"தணிப்பு மருந்து போட்டா மதிப்பெண் போகும்," என்றார் நஸ்ரீன்.

"போடலைன்னா?"

"தோல் போகும். பின்னாடியே நீங்களும்."

மருந்தைப் போட்டுக்கொண்டு, விலக்குக்கு விண்ணப்பித்தார். புது அதிகாரி பயபக்தியோடு பழைய கோப்பை எடுத்துக் காட்டினான். "இதே நோய்க்கு ஐயா போட்ட உத்தரவு இருக்கு. அதை மாத்த நான் யாரு?"

வாசல் வெளிப்பக்கம் திறந்தது.

செய்தி கேள்விப்பட்டு, தள்ளுகட்டிலோடு மரகதம் நின்றிருந்தாள். அதன்மேல் வெந்நீரில் அலசிய வாழையிலைகள். கிருமிக்குப் பயந்து மண்ணே கூடாதென்ற நகரத்தில் முளைக்காத பச்சை.

"படுண்ணே. துணிதான் ஒட்டும், இலை ஒட்டாது. நான் ஒரு தோப்பையே படுத்துத் தீர்த்தவ."

படுத்தார். ஒரு மாதத்தில் முதல் தடவையாக முதுகு எதிலும் ஒட்டவில்லை.

அவள் இரண்டடி தள்ளி நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கிட்ட வரட்டுமா, ஆபீசர்? தொத்திக்கிச்சுன்னா?"

"தொத்தாது," என்றார் தெய்வசிகாமணி.

அந்த ஒரு சொல்லுக்கு வாயெல்லாம் எரிந்தது.