இருபத்தாறாயிரம் சுற்று

ஃபிட்டர் ஆல்பர்ட் பின்னாக் மல்லாந்து கிடந்தான்.

மார்பில் உள்ளங்கை அகல அலுமினியத் துண்டு. உயிர் இல்லை.

1934. பர்மிங்ஹாமுக்கு வெளியே ஒரு விமான என்ஜின் தொழிற்சாலை. சோதனை அறைச் சுவர் முழுக்க ஓட்டைகள்...

உயரே போகப் போகக் காற்று மெலியும். என்ஜின் திணறும். என்ஜினுக்குள் காற்றை அடைத்துத் தள்ளுவது சூப்பர்சார்ஜர். அதில் சுழலும் இறக்கை வைத்த சக்கரத்தைச் சோதித்தபோதுதான் வெடித்திருந்தது.

தலைமை டிசைனர் லயனல் ப்ருவெட் பிணத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் முடிங்க, இன்ஸ்பெக்டர். வெடிச்சது இந்தப் பொம்பளையோட சக்கரம். கேக் சுடற கைக்கு இது சரிப்படாதுன்னு அப்பவே சொன்னேன்."

அந்தப் பெண், வினிஃப்ரெட் டிரான்டர், பிணத்தின் அருகே நின்றாள். கணக்கில் புலி. அவளும் ப்ருவெட்டும் ஆளுக்கொரு சக்கரம் வடிவமைத்திருந்தார்கள். தாங்குகிற சக்கரம் விமானப்படைக்குப் போகும்.

இன்ஸ்பெக்டர் கார்சைட் மூக்கைச் சிந்தினார்.

"மிச்சத் துண்டெல்லாம் எங்க, சார்?"

"உருக்க அனுப்பிட்டேன்."

"அதுக்குள்ளயா? ஒருத்தன் செத்திருக்கான்."

"ஃபிட்டர்தானே. திங்கக்கிழமை வேற ஆள் வருவான்."

டிரான்டர் அவர் பக்கம் திரும்பினாள். "அவருக்கு ஆல்பர்ட்னு ஒரு பேர் இருக்கு."

போலீஸ் டாக்டர் மார்பிலிருந்த துண்டை உருவி டிரான்டரிடம் கொடுத்தார். அவள் ரத்தத்தைத் துடைத்தாள். அதன் நுனியைத் தடவிப் பார்த்தாள்.

"என் சக்கரத்துல இறக்கை நுனி வளைஞ்சிருக்கும், இன்ஸ்பெக்டர். இது நேரா இருக்கு... இது மிஸ்டர் ப்ருவெட்டோடது."

"உளறாதே."

"அப்ப என்னோடது எங்க?"

ப்ருவெட்டின் பார்வை ஒரே ஒரு கணம் தன் அலமாரிக்குப் போய் வந்தது.

கார்சைடுக்கு அது போதும். கான்ஸ்டபிள் பூட்டை உடைத்தான்.

கோட்டுக்கு அடியில் ஒரு சக்கரம். முழுசாக. நுனி வளைந்த இறக்கைகள். ஒன்றின் அடியில் அரத்தால் ராவிய ஆழமான கோடு.

"இது உங்க கைங்கரியமா, சார்?"

ப்ருவெட் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

பின்னாக்கைப் புரட்டி, அவன் பின்பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை டாக்டர் எடுத்தார். கார்சைட் உரக்கப் படித்தார்.

"காலை பத்து. மிஸ் டிரான்டர் சக்கரம். நிமிஷத்துக்கு இருபத்தாறாயிரம் சுற்று. ஒரு மணி நேரம். தாங்கியது... மதியம் இரண்டு. மிஸ்டர் ப்ருவெட் சக்கரம். இருபதாயிரம்..."

அதோடு எழுத்து நின்றிருந்தது.

"ஃபிட்டருக்கு எழுதத் தெரியும்னு நீங்க நினைக்கல போல."

டிரான்டர் அந்தக் கோட்டைத் தடவினாள். அழுதாள். சக்கரத்துக்காக அல்ல.

"பக்கத்துல நிக்கறவன் சாவான்னு தெரிஞ்சே, காலை சோதனைக்கு முன்னாடி இவங்க சக்கரத்தை ராவியிருக்கீங்க," என்றார் கார்சைட். "அது வெடிக்கல. நீங்க தொடாம விட்ட உங்க சக்கரம்தான் வெடிச்சுது."

"இருபது வருஷமா டிசைன் பண்றவன் நான்..."

கார்சைட் விலங்கை மாட்டினார்.

"கெடுக்கற வேலையையாவது உருப்படியா செஞ்சிருக்கக் கூடாதா, சார்?"