தவிடு வாங்காத குழி

சண்டைக்காலத்தில் ஆவடிப் பக்கம் எழுந்த பட்டாள முகாமின் பின்புறம் இருந்த குப்பைக்குழிகளுக்கு, காலை வெயிலில், ஜம்புலிங்கம் மனைவி பொன்னம்மாளையும் கைக்குழந்தையையும் அழைத்து வந்தான். தங்கை நாகம்மாளின் மடியில் தவிடு இருந்தது.

பொன்னம்மாளுக்கு இதற்குமுன் பிறந்தது எதுவும் தங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்துவார்கள். இன்னொருத்தி தவிட்டை விலையாகப் போட்டு எடுத்து, குப்பம்மாள் என்று பெயரிடுவாள். யாருக்கும் வேண்டாததென்று சாவு விட்டுவிடுமாம். ஆனால் ஈ மொய்க்கிறதென்று முகாம்காரர்கள் ஊர் எருக்குழிகளை மூடிவிட்டார்கள். மிஞ்சியவை ஜம்புலிங்கம் வேலைபார்த்த குழிகள்தான்.

காய்கறித் தோலையும் சாணத்தையும் அவன் மாற்றி மாற்றிப் பரப்பிய குழி, மக்க மக்க உள்ளே கொதிக்கும். அந்தச் சூட்டில் பிள்ளையைப் போட அவனுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் முகாம் ஆஸ்பத்திரியின் கழிவுக்குழி. சுண்ணாம்பு கொட்டி மேலே மண் மூடியது.

"இங்க படுக்க வை. குளுந்து கீது," என்றான்.

நாகம்மாள் தவிட்டைக் கொட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள். ஒரு கணம் வரவில்லை. கீழே யாரோ பிடித்திருந்ததுபோல் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் அதே தவிடு. சுண்ணாம்பு நெடியோடு.

"வெல ஒத்துக்கல, அண்ணாத்தே," என்று கிசுகிசுத்தாள் நாகம்மாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எருக்குழி, வாங்கியதை மண்ணாக்கித் திருப்பித் தரும். சுண்ணாம்பு மக்க விடாது. அந்தக் குழி விலையைத்தான் திருப்பி அனுப்பியது, தன்னிடம் கிடத்தியதை அல்ல.

மத்தியானத்துக்குள் குழந்தை சில்லிட்டது. மார்பில் வாய் வைக்கவில்லை. ஜம்புலிங்கம் அந்தக் குழிக்கு ஓடிப்போய் அரிசி கொட்டினான். தன் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணை அறுத்துப் போட்டான். விழுந்து கும்பிட்டபோது கையில் பட்ட மண் வெதுவெதுப்பாக இருந்தது.

பிள்ளையின் வயிற்றைத் தொட்டதுபோல்.

அவனுக்கு முன்பே அரைஞாண் வீட்டு வாசலில் வந்து கிடந்தது. அரிசியும்.

உள்ளே பொன்னம்மாள் முகாம் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"புள்ள அயுவுது. உனக்குக் கேக்கலயா?"

மடியிலிருந்த குழந்தை கண்ணை மூடி, மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. அவன் காதைத் தீட்டிக் கேட்டான். ஒன்றுமில்லை.

"தோ, நிறுத்திடுச்சி," என்று அவள் மாராப்பை விலக்கினாள்.

குழந்தையின் வாய் மூடியே இருந்தது; பால் சுரந்து வழிந்தது. விட்டு விட்டு, உறிஞ்சுகிற தாளத்தில்.

ஒரு சொட்டும் மடியில் விழவில்லை.