வாயில்லாப் பூச்சி

பஃபலோ ரோட்டு மாடி அலுவலகத்துக்குள் நிரஞ்சனா மூச்சிரைக்க நுழைந்தாள்.

“என் அட்லஸ் அந்துப்பூச்சியைக் காணோம் மேடம்! பெண் பூச்சி, ரெண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். நேத்து சாயங்காலம் கூண்டுல பார்த்தேன். ஆண் தேடி வந்து சேர்ந்தாதான் முட்டை. அது வாழப்போறதே ஒரு வாரம் லா. பாவம், வாயில்லாப் பூச்சி!”

புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி புளோக்கின் தோட்டத்தில் அவள் வளர்த்த புழுக்களில் தப்பிப் பிழைத்தது அது ஒன்றுதான். அது போனால் எல்லாம் போயிற்று.

துப்பறியும் சிவகாமசுந்தரி தேநீரைக் குடித்து முடித்துவிட்டே எழுந்தார். உதவியாளன் யூசுப் அதற்குள் கார் சாவியோடு படியிறங்கியிருந்தான். வழக்கு என்றால் அவனுக்குக் கால் தரையில் நிற்காது.

கூண்டு இருந்த தோட்டக் கொட்டகையின் சாவி வேறு இருவரிடமும் இருந்தது. நிரஞ்சனா புதர்களைக் கிளறிக்கொண்டிருக்க, சிவகாமசுந்தரி அவர்களை விசாரித்தார்.

“ரெக்கை நுனியில பாம்புத் தலை மாதிரி இருக்கு! நான் கிட்டவே போகல,” என்றார் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ரத்தினம்மா.

“விடியக்காலைல பார்த்தேன்,” என்றார் பரிசுப்பொருள் கடை மாணிக்கம். “இட்லிப்பூவுல உக்காந்து தேன் குடிச்சிட்டிருந்துச்சு. கிட்டப் போனேன், பறந்துடுச்சு.”

யூசுப் அதை அப்படியே நம்பி இட்லிப்பூச் செடிகளைச் சுற்றி ஓடினான். சற்று நேரத்தில் கார்பார்க்கிலிருந்து அவன் குரல் கேட்டது.

“மேடம், கிடைச்சிடுச்சு!”

மாணிக்கத்தின் வேன் ஜன்னல் விரலளவு இறங்கியிருந்தது. அந்த இடைவெளியை ஒட்டிச் செம்பழுப்பு இறக்கைகளை விரித்து ஒரு பெரிய பூச்சி அமர்ந்திருந்தது.

நிரஞ்சனா ஓடி வந்து குனிந்து பார்த்தாள். “ஐயோ, இது ஆண்! உணர்கொம்பு இறகு மாதிரி அகலமா இருக்கு பாருங்க. பெண் விடற வாசனையைப் பிடிச்சு எவ்வளவு தூரத்துலேருந்தும் வந்துடும்.”

யூசுப்பின் முகம் தொங்கிப்போனது. சிவகாமசுந்தரி மட்டும் புன்னகைத்தார்.

“கூண்டை விட்டுட்டு வேனுக்கு ஏன் வந்துச்சு?”

“பூச்சி எங்க வேணா உக்காரும் லா!” என்றார் மாணிக்கம்.

“நிரஞ்சனா, காலைல வாயில்லாப் பூச்சின்னு சொன்னீங்களே. பரிதாபத்துல சொன்னீங்களா, உண்மையைச் சொன்னீங்களா?”

“உண்மைதான் மேடம். அதுக்கு வாயே வேலை செய்யாது. புழுவா இருந்தப்போ சேர்த்த கொழுப்புலதான் உயிர் வாழும்.”

“அப்போ மாணிக்கம், நீங்க பார்த்த பூச்சி எந்த வாயால தேன் குடிச்சுது?”

மாணிக்கத்துக்கு வியர்த்துக் கொட்டியது. “கண்ணாடிச் சட்டத்துல மாட்ட ஒருத்தர் கேட்டார். ரெக்கை கெட்டுடக்கூடாதுன்னு உயிரோட வெச்சிருக்கேன். வீட்டுக்குக் கொண்டுபோனா சம்சாரம் பயப்படும்...”

வேன் கூரையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யூசுப் மாணிக்கத்திடமிருந்து சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்தான். உள்ளே அனல் அடித்தது. இருக்கைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. நிரஞ்சனா மூடியை நீக்கினாள்.

பூச்சி அசையவில்லை.

அப்புறம் ஓர் இறக்கை சிலிர்த்தது. மற்றதும் சிலிர்த்தது.

“அல்ஹம்துலில்லாஹ்!” யூசுப் துள்ளிக் குதித்தான். “மேடம், போலீஸைக் கூப்பிடவா?”

நிரஞ்சனா மாணிக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஜன்னலில் இருந்த ஆண் பூச்சியை மெல்ல விரலில் ஏற்றிக்கொண்டாள்.

“போலீஸ் அப்புறம் வரட்டும் அண்ணே! முதல்ல இவங்க ரெண்டு பேருக்கும் குளுகுளுன்னு, இருட்டா ஒரு இடம் பாருங்க!”